இடது பக்கத்து மூடி

சேர்வராயன் மலைக்கு மேற்கே, சமவெளியில் இருந்த ஒரு சிறிய விமானப் பயிற்சித் தளத்தில் ஒன்பது வருடம் எரிபொருள் நிரப்பும் வேலை பார்த்தேன். வீடு வாழவந்தியில். காலையில் பைக்கில் மலை இறங்கி, மாலையில் ஏறுவேன். அங்கே இருந்தவை எல்லாம் நான்கு பேர் உட்காரும் சின்ன விமானங்கள். இறக்கை கூரை மாதிரி தலைக்கு மேலே இருக்கும். ஏணி போட்டு ஏறி, இறக்கையின் மேலுள்ள மூடியைத் திருகிக் கழற்றிப் பெட்ரோல் நிரப்ப வேண்டும். பிறகு மூடியைத் திருகி, கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு இறக்கைக்குள் ஒரு தொட்டி, அதற்கு ஒரு மூடி. ஒன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை திருகியிருப்பேனோ தெரியாது.

அன்று காலையிலிருந்தே மலைமேல் மேகம் கவிந்து கிடந்தது. பயிற்சி மாணவி ஒருத்தி, இருபது வயதிருக்கும், தனியாக மலையைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டிய நாள் அது. விமானத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டியதையெல்லாம் அவள் காலையிலேயே பார்த்துவிட்டாள். மேகம் விலகட்டும் என்று ஆபீசில் காத்திருந்தாள். எனக்கோ அவசரம். ஏற்காட்டில் என் மகள் படிக்கும் பள்ளியில் நான்கு மணிக்குப் பெற்றோர் கூட்டம். ஏற்கெனவே இரண்டு கூட்டத்துக்குப் போகவில்லை. எனக்குப் பதிலாக, அதே வேலை பார்த்த ஓமலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவனைச் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தேன்.

வலது இறக்கையை முடித்து இடது இறக்கையிலும் நிரப்பினேன். மூடியைத் திருகும்போது உள்ளே இருந்த ரப்பர் வளையம் பிதுங்கிக்கொண்டு நின்றது. மூடி பிடிக்கவில்லை. அதைச் சும்மா மேலே வைத்துவிட்டு, வேறு வளையம் எடுப்பதற்காக இறங்கி ஏணியையும் பெட்ரோல் லாரிப் பக்கம் கொண்டு போனேன். அப்போதுதான் தம்பி வந்தான். பக்கத்திலேயே வேறொரு விமானத்தின் எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் அவன் காதருகே கத்திச் சொன்னேன்.

"இடது மூடி பாக்கி. ரப்பர் மாத்தி இறுக்கிரு."

"சரிங்ணா, நீங்க கெளம்புங்க" என்றான்.

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மலை ஏறத் தொடங்கும்போது மேகம் விலகியிருந்தது. பாதி வளைவுகளைத் தாண்டியிருப்பேன். ஒரு திருப்பத்தில் சேலம் பஸ் இறங்கி வந்தது. அதற்கு வழிவிட்டு ஓரமாக நின்றேன். பஸ் போனதும் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் விமானத்தின் எஞ்சின் சத்தம் எனக்கு வீட்டு ஆளின் இருமல் போல. பள்ளத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மலையைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்த விமானம் ஏறக்குறைய என் கண்மட்டத்தில் போனது. அதன் இடது இறக்கையின் பின்னால் வெள்ளையாக ஒரு கோடு நீண்டுகொண்டே போனது.

பறக்கும்போது மூடி இல்லையென்றால் காற்றே பெட்ரோலை உறிஞ்சி எடுத்துவிடும். எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற விஷயம் அது. பைக்கைச் சரியாக நிறுத்தக்கூட இல்லை, அது சாய்ந்து விழுந்தது.

போனில் சிக்னல் ஒரு கோடு இருந்தது. தம்பி எடுத்தான்.

"தம்பி, எறக்கையில இருந்து வெள்ளையா போவுது. மூடி தொறந்திருக்குது. பெட்ரோல் போவுது. கண்ட்ரோல் டவர்ல சொல்லு" என்றேன். நான் பேசும்போதே அந்தப் பக்கம் ஓசை விட்டு விட்டு வந்து, கடைசியில் அறுந்துவிட்டது. எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். போகவில்லை.

நின்ற இடத்திலேயே நின்று விமானத்தைப் பார்த்தேன். வெள்ளைக் கோடு இன்னும் இருந்தது. விமானம் ஒரு சிறு மேகத்துக்குள் புகுந்து வெளியே வந்தது. அப்போது எஞ்சின் சத்தம் நின்றது.

குறையவில்லை, நின்றது. பள்ளத்தில் குரங்குகள் மரத்தை உலுக்குவது மட்டும் கேட்டது. விமானம் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு மலை முதுகுக்குப் பின்னால் இறங்கி மறைந்தது. நிரப்பிய பெட்ரோல் அவ்வளவு சீக்கிரம் தீராதே, வலது தொட்டி முழுதாக இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் ஏன் நின்றது? புகை எழுகிறதா என்று அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே போன ஜீப்காரர் ஒருவர் நிறுத்தி, "ஏனுங்க, உளுந்துட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று சரியாகச் சொல்ல முடியாது. போன் அடித்தது.

"எறங்கிருச்சுங்ணா. புள்ள நல்லா இருக்குது" என்றான் தம்பி.

பள்ளிக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பிக் கீழே இறங்கினேன்.

நடந்தது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தம்பிக்குப் போனில் கேட்டது மூன்றே விஷயம்: இறக்கை, வெள்ளை, டவர். ஆபீசுக்கு ஓடி, விமானத்திலிருந்து வெள்ளையாக ஏதோ வருகிறதாம் என்று சொல்லியிருக்கிறான். ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டர் அதை டவருக்குப் புகை என்று சொல்லிவிட்டார். டவரிலிருந்து ரேடியோவில் அந்தப் பெண்ணுக்கு உன் விமானத்தில் புகை வருகிறது என்று சொன்னார்கள். புகை என்றால் தீ. தீ என்றால் பெட்ரோலை அடைத்து எஞ்சினை நிறுத்த வேண்டும். அவள் படித்தபடியே செய்தாள். நல்ல எஞ்சினை, மலைக்கு மேல், தன் கையாலேயே நிறுத்தினாள். அவளுடைய பயிற்சியாளர் ஓடிவந்து மைக்கை வாங்கி, என்ன வாசனை வருகிறது என்று கேட்டாராம். பெட்ரோல் வாசனைதான் என்றிருக்கிறாள். தீயில்லை என்று புரிந்துகொண்டு அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல, வலது தொட்டியைத் திறந்து எஞ்சினை மறுபடி ஓட வைத்துத் திரும்பி வந்திருக்கிறாள்.

விமானத்தருகே போய்ப் பார்த்தேன். இடது மூடி தன் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி விமானத்தின் மூக்குக்கு எதிரே வந்து நின்றான்.

"இடதுன்னுதானுங்ணா சொன்னீங்க. இடது பக்கந்தான் ஏறிப் பார்த்தேன். நல்லா இறுகித்தான் இருந்துச்சு" என்று இடது கையை நீட்டிக் காட்டினான்.

அவன் காட்டியது வலது இறக்கை. விமானத்தைப் பார்த்து நின்றவனுக்கு அதுதான் இடது. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் இடதுதான் இடது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவனுக்கும் அது தெரியும். ரப்பர் என்று நான் சொன்னது இரைச்சலில் அவனுக்குக் கேட்கவே இல்லை. கேட்டதா என்று நானும் கேட்கவில்லை.

மூன்று நாள் விசாரணை நடந்தது. எல்லோரும் எழுதிக் கொடுத்தோம். யார் எழுதியதிலும் பொய் இல்லை, அதுதான் எனக்கு நொம்பப் பயமாக இருந்தது. ரைட்டரும் தான் கேட்டதைத்தான் சொன்னேன் என்று எழுதினார். வராந்தாவில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"நான் ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். நீங்க கையைத் தூக்கிக் காட்டுனீங்க. எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சு மூடிய மறுபடி பாக்காம ஏறிட்டேன்" என்றாள்.

கிளம்பும்போது தம்பியிடம் போய்வருகிறேன் என்று கை காட்டியிருக்கிறேன். அது எனக்கு நினைவே இல்லை.

கடைசியாக வேலையில் இருந்தவன் என்று தம்பியைத்தான் முதலில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பாதியில் விட்டுப் போனது நான், தவறு என்னுடையது என்று தனியாக ஒரு கடிதம் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். என்னை வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். ஆறு மாதம் உட்கார்ந்துவிட்டு நானே விலகினேன். இப்போது வாழவந்தி பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் வேலை. அந்தப் பெண் ஒரு மாதம் கழித்து மறுபடி பறந்தாள் என்று கேள்விப்பட்டேன்.

தம்பி என் போனை எடுப்பதில்லை. போன கோடையில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் அவனைக் குடும்பத்தோடு பார்த்தேன். அவனும் பார்த்தான். பேசலாம் என்று கூட்டத்துக்குள் நான் இரண்டு அடி எடுத்து வைத்தேன். அவன் தோளில் தூங்கிய குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, கிளம்பவிருந்த சேலம் பஸ்ஸில் ஏறிவிட்டான்.