என் தம்பிக்குக் கோளாறு எதுவும் இல்லை

எங்கள் நாட்டில் ரயில் ஓட்டுகிறவன் சிக்னலைக் கண்டால் விரலை நீட்டி, "சிக்னல், சரி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். வேலைக்கு ஏறுமுன் மேலதிகாரி எதிரே விறைப்பாக நின்று, "உடம்பு, கோளாறில்லை" என்றால்தான் வண்டியைக் கொடுப்பார்கள். என் தம்பி குனிஹிகோ அதைச் சொல்லிச் சொல்லியே பாழாய்ப் போனான்.

ஒரு பனிக்கால மாலையில், லெவல் கிராசிங்கில் ஒருவர் அவன் வண்டிக்கு முன்னால் வந்து நின்று உயிரை விட்டார். கொஞ்ச நாள் லீவு, பிறகு அதே தடம். "கோளாறில்லை" என்றான்; எல்லோரும் நம்பினார்கள். அவன் அழவில்லை, குடிக்கவில்லை. வீட்டில் அடுப்பைக் காட்டி "சரி" என்பான். தூங்குகிற மகளைக் காட்டியும் அதே "சரி"தான். நாலு வயது சிஹாயா, அப்பா உள்ளே வந்தால் பொம்மையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் அம்மா இறந்தாள். எரித்த பிறகு, எங்கள் வழக்கப்படி நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் குச்சிகளால் பிடித்து, எலும்புகளை ஒவ்வொன்றாகத் தாழியில் இட்டோம். கடைசி எலும்பு விழுந்ததும் அவன் விரலை நீட்டினான்.

"எலும்பு, சரி. மூடி, சரி."

ஒரு சித்தப்பா சிரித்தேவிட்டார். நான் அவன் விரலைப் பிடித்து இறக்கினேன்.

"டேய், அது அம்மாடா."

"தெரியுதுக்கா. ஆனா உள்ள ஒண்ணும் வரல."

அன்று சாயங்காலம் அவன் மனைவி மசாயோ என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணி, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன். பேயோட எத்தனை நாள் குடித்தனம் பண்றது?"

கொஞ்சம் பொறு என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். மறுவாரமே அவனை நகரத்துக்கு, மனநல சிகிச்சை தரும் கிரிஷிமா அம்மாவிடம் இழுத்துப் போனேன்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரியாக்கா?"

"ஆமாடா, எனக்குத்தான் பைத்தியம். துணைக்கு வா."

அந்த அம்மா கண்ணை மூடச் சொன்னார். அந்த மாலை இப்போதே நடப்பது போலச் சொல்லச் சொன்னார். வாராவாரம் அதே கதை. முதலில் விசாரணை அறிக்கை மாதிரி ஒப்பித்தான்: வேகம் இவ்வளவு, பிரேக் பிடித்த இடம் இது. அவர் விடவில்லை. "அவர் என்ன போட்டிருந்தாரு? உங்க கை எங்க இருந்துச்சு?" அவன் சொல்வதைப் பதிவுசெய்து, வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார். பாவி, அதைக் கேட்டுவிட்டு ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்தான். நிறுத்திவிடலாம் என்று நானே சண்டைக்குப் போனேன்.

"மரத்துப்போன கால்ல உணர்ச்சி திரும்பும்போது முதல்ல குத்தத்தான் செய்யும்" என்றார் அவர்.

ஒருநாள் நான் கூட இருக்கவேண்டும் என்றான். கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான்.

"அவரு என்னைப் பாக்கறாரு. தொந்தரவு குடுக்கறேன், மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாப்பல தலை குனிஞ்சு வணங்கறாரு."

"நீங்க?"

"நானும் வணங்கறேன். வணங்கிட்டு அப்புறந்தான் பிரேக்கைப் புடிக்கறேன்."

யாராவது தலை குனிந்தால் நாங்களும் குனிவோம். அது பிறவிப் பழக்கம். இதை யாரிடமும் சொல்லாமல் உள்ளே போட்டுப் பூட்டியிருக்கிறான்.

"வணங்காம இருந்திருந்தா வண்டி நின்னிருக்குமா?" என்று கேட்டார் கிரிஷிமா.

"நின்னிருக்காது." சொல்லிவிட்டு மேசையில் தலையைச் சாய்த்து அழுதான். எங்கள் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அழுதிருப்பான்.

அந்த ஆள் இன்னும் அவன் கண்முன் வருகிறாராம். ரயில் கண்ணாடிக்கு வெளியே நின்று தலை குனிகிறாராம். அவரைப் போகச் சொல்ல யாராலும் முடியாது.

போன வாரம் குனிஹிகோ போன் செய்தான். குரலே சரியில்லை.

"அக்கா, பாப்பாவுக்கு உடம்பு அனலா கொதிக்குது. மடியில வெச்சிருக்கேன், இறங்க மாட்டேங்கறா. இவளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

அவன் "சரி" என்று சொல்லவே இல்லை.

"பயப்படுடா," என்றேன். "நல்லா பயப்படு."