ஒன்றுகூடப் பறக்காத பூநாரைப் படம்

இன்று கோடியக்கரை சரணாலயத்தில் பூநாரைகளைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் முழ நீள லென்ஸோடு ஒருவர்.

"குனிஞ்சு மேஞ்சுக்கிட்டே இருக்கு. பறந்தாத்தான் படம். நீங்க எந்த ஊருங்க?"

"ஒரத்தநாடு பக்கம். விவசாயம்."

"அப்ப வயல்ல குருவி விரட்டுவீங்கல்ல? அதே மாதிரி ஒரு சத்தம் கொடுங்களேன்."

விரட்டுவேன்தான். நான் தகரம் தட்டினால் ஒரு குருவி மிஞ்சாது.

"அது என் வயலுங்க. இது அதுங்க வயலு. இங்க நாமதான் விரட்ட வேண்டிய குருவி."

அவரே கைதட்டப் போனார். நான் லென்ஸுக்கு நேரே போய் நின்றேன். நகரச் சொன்னார். நகரவில்லை.

என் படம் கீழே. எல்லாம் சாப்பிடுகின்றன, ஒன்றுகூடப் பறக்கவில்லை.

நன்றாக இல்லை என்பவர்கள், பந்தியில் பாதிச் சாப்பாட்டில் உங்களை எழுப்பிவிட்டால் எப்படிப் போஸ் கொடுப்பீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள்.