இடது பக்கம், இருபத்திரண்டு நிமிடம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. எனக்கு நடந்ததை, நடந்த நேரத்தோடு எழுதுகிறேன். நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்பீர்கள். போனில் குறித்து வைத்திருக்கிறேன். இன்னும் அழிக்கவில்லை.

குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இரவு. பெண் குழந்தை. ஆபரேஷன். வார்டு மூன்றாவது மாடியில். மொத்தம் எட்டுக் கட்டில், என்னுடையது எட்டாவது. எனக்கு இடது பக்கம் சுவர். வலது பக்கம், கை எட்டும் தூரத்தில் தொட்டில். கால்மாட்டில் அட்டையில் செருகிய சார்ட் ஒன்று தொங்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை குழந்தை பால் குடித்ததா, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் என்று நர்ஸ் எழுத வேண்டிய தாள்.

ஆபரேஷன் ஆனதிலிருந்து எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது அன்றைக்கே சரியாகிவிட்டது. மற்றது சரியாகவில்லை. குழந்தையைக் காட்டினார்கள், பார்த்தேன். அழகாக இருக்கிறது என்றார்கள், சரி என்றேன்.

பால் கொடுக்கச் சொல்லித்தர வார்டு வாசலில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். 'தாய்ப்பால் ஆலோசகர்' என்று பலகை. நாற்காலியில் மடித்த போர்வைகளை அடுக்கியிருந்தார்கள். நான் இருந்த மூன்று நாளும் அந்தப் போர்வைகள்தான் ஆலோசகர்.

எனக்குக் கிடைத்த உதவி மொத்தம் அரை நிமிடம். பகல் நர்ஸ் வந்து மார்பைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். ஒரு சொட்டு வந்தது.

"பால் இருக்கு. வெச்சுப் புடிம்மா, குடிக்கும்."

"வாயே திறக்க மாட்டேங்குது சிஸ்டர்."

"எம்.எஸ்சி. படிச்சிருக்கேன்னு சொன்னே? இதுக்கும் டியூஷன் வைக்கணுமா?"

பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அம்மா ஆபீஸ்களில் தரை துடைக்கிறவள். படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிய முதல் ஆள் நான்தான், காலேஜ் வாசலை மிதித்ததும் நான்தான்.

"ஏன்டி, இது குடிக்கிற மாதிரியே தெரியலையே."

"குடிச்சுட்டுத்தாம்மா தூங்குது."

"சும்மா வாயை வெச்சுக்கிட்டுத் தூங்குது. தொண்டை அசையுதா பாரு."

"சார்ட்டுல குடிச்சதா டிக் போட்டிருக்காங்கம்மா. தெரியாமலா போடுவாங்க?"

அம்மா அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நீ படிச்சவ. நீ சொன்னா சரி" என்றாள்.

நான் அந்தத் தாளைப் படித்திருக்கவே இல்லை. தையலை வைத்துக்கொண்டு கால்மாட்டுக்கு எட்ட முடியவில்லை. படுத்த இடத்திலிருந்து வரிசையாக டிக் தெரிந்தது. அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

இரவு 9.05. நைட் டியூட்டி நர்ஸ் கால்மாட்டில் வந்து நின்று, பேனாவை மூன்று தடவை இழுத்தாள். பதினொரு மணிக்கு ஒன்று. இரண்டு மணிக்கு ஒன்று. ஐந்து மணிக்கு ஒன்று. மூன்றும் அப்போதே. எட்டுக் கட்டிலையும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

"அழவே மாட்டேங்குது, சமத்து. நீ குடுத்து வெச்சவ. காலையில வீட்டுக்குப் போயிரலாம்."

10.00. துணைக்கு இருந்தவர்களை வெளியே அனுப்பினார்கள். அம்மா வராந்தா பெஞ்சில் போய்ப் படுத்தாள். விளக்கை அணைத்தார்கள்.

11.00. ஒரு குழந்தை அழுதது.

ங்ஆ... ங்ஆ... ங்ஆ...

என் மகள் இல்லை. அவள் தொட்டிலில் அசையாமல் கிடந்தாள். ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் என் இடது மார்பு கல்லாக இறுகியது. சுருக்கென்று ஒரு வலி. நைட்டி நனைந்தது. மூன்று நாளாகப் பிழிந்தால் ஒரு சொட்டு வரும் இடத்தில், அழுத்தாமலே பால் வழிந்தது. இடது பக்கம் மட்டும்.

அடுத்த ரூமில் யாருடைய குழந்தையோ என்று நினைத்துக்கொண்டேன். அழுகை இடது பக்கத்திலிருந்து வந்தது. அங்கே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ரூம் கிடையாது, வெறும் ஆகாயம் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்தபோதும் பயம் வரவில்லை. வலிக்குப் போட்ட ஊசியின் மயக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

2.10. விழிப்பு வந்தது.

குழந்தை குடித்துக்கொண்டிருந்தது.

நிஜமாகக் குடித்தது. இழுத்து, நிறுத்தி, விழுங்கி... மறுபடி இழுத்து... க்ளக்... க்ளக்... தொண்டையில் பால் இறங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அம்மா மனசு கேட்காமல் உள்ளே வந்து எடுத்துப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். காலையில் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று வலது கையால் போனை எடுத்து, கண்ணைச் சரியாகத் திறக்காமலே '2.10 இடது' என்று தட்டி, கவிழ்த்து வைத்தேன்.

மூன்று நாளில் முதல் தடவையாக எனக்கு ஏதோ உறைத்தது. சந்தோஷமாகக்கூட இருந்திருக்கலாம்.

என் சுண்டு விரலை ஒரு கை பிடித்தது.

ஜில்லென்று இருந்தது.

வாயும் ஜில்லென்றுதான் இருந்தது.

அப்போதுதான் யோசித்தேன். எனக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான். என்னைத் தாண்டி, என்னை எழுப்பாமல், அம்மா எப்படி அங்கே குழந்தையை வைத்தாள்?

மெதுவாக வலது பக்கம் திரும்பினேன்.

தொட்டிலில் என் மகள் கிடந்தாள்.

க்ளக்... க்ளக்...

நான் அசையவில்லை. கத்தவும் இல்லை. அது குடித்து முடிக்கட்டும் என்று படுத்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அவ்வளவு பசி அதற்கு.

2.32. சத்தம் நின்றது. விரலை விட்டது.

போன் வெளிச்சத்தை இடது பக்கம் அடித்தேன். ஒன்றும் இல்லை. போர்வையில் கைக்குட்டை அளவுக்கு ஒரு குழி மட்டும் இருந்தது. மார்பு தளர்ந்திருந்தது. காம்பின் ஓரத்தில் பால் நுரை.

அடுத்த நொடி எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. குடிப்பது என்றால் இதுதான். அப்படியானால் என் மகள் இந்த மூன்று நாளில் ஒரு தடவைகூடக் குடிக்கவில்லை.

தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இடுப்புத்துணியைத் தொட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா மடித்துக் கட்டிய அதே துணி. காய்ந்திருந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன். கண் திறக்கவில்லை. மறுபடி சுண்டினேன். உதடு மட்டும் கோணியது.

கத்தினேன். நர்ஸ் தூக்கக் கலக்கத்தில் ஓடிவந்து சார்ட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"ரெண்டு மணிக்குக் குடிச்சிருக்கேம்மா. இங்க பாரு."

"ஒம்போது மணிக்கே டிக் போட்டுட்டுப் போனியே, நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்! தூக்குடி குழந்தைய!"

2.50. சர்க்கரை பார்த்தார்கள். மெஷினில் எண் வரவில்லை. 'லோ' என்று வந்தது. எடை பிறந்தபோது இருந்ததில் எட்டில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நர்ஸ் குழந்தையை அள்ளிக்கொண்டு மேல் மாடிக்கு, பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கு ஓடினாள். நானும் அம்மாவும் மேலே கண்ணாடிக் கதவுக்கு வெளியே விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். பிழைத்துக்கொண்டாள். இப்போது என் மடியில்தான் இருக்கிறாள். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

காலை 7.20. பையை எடுக்கக் கீழே வந்தோம். எட்டாம் கட்டிலில் புதிதாக ஒரு பெண் படுத்திருந்தாள். சின்ன வயசு. கால்மாட்டில் அதே தாள் தொங்கியது.

"என்னடி எழுதியிருக்கு? படி" என்றாள் அம்மா.

முதல் தடவையாகப் படித்தேன். அம்மாவுக்குக் கேட்கும்படி வாய்விட்டு.

"ஆண் குழந்தை."

"நமக்குப் பொண்ணுல்ல?"

தேதி ஒன்பது நாளைக்கு முன்னால் தொடங்கியது. தாயின் பெயர் என்ற இடத்தில் இருந்தது என் பெயர் இல்லை. அன்றிலிருந்து ஒரு வேளை விடாமல் டிக். என் மகளுக்கென்று எந்தத் தாளும் இல்லை.

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் தொழில்தான் அவளுக்கும். அம்மாவிடம்தான் சொன்னாள்.

"புது சார்ட் அச்சடிச்சு வரலக்கா. பழசுலேயே காலி வரி பாத்து டிக் போடுறாங்க. அந்தப் பையன் போய்ச் சேந்து அஞ்சு நாளாச்சு. இதே கட்டில்தான். சமத்தா தூங்குறான், தூங்குறான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. வயித்துல ஒண்ணுமே இல்லாம போயிட்டான்."

நான்காம் நாளைப் பார்த்தேன். குடித்தது. ஐந்தாம் நாள். குடித்தது. அவன் போன பிறகு வந்த ஆறாம் நாள். குடித்தது.

எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் என்ற கட்டங்களில் எந்த நர்ஸும் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒன்பது நாளும் காலி. கடைசி இரண்டு வரிகளைத் தவிர.

2.10. இடது. 22 நிமிடம்.

என் போனைத் தவிர அந்த நேரம் வேறெங்கும் இல்லை. அதில்கூட இருபத்திரண்டு என்று நான் எழுதவில்லை.

அதற்குக் கீழே இன்னொரு வரி. 5.00. இடது. 30 நிமிடம். ஐந்து மணிக்கு நான் மேல் மாடியில் இருந்தேன்.

கட்டிலில் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, உங்க கட்டிலா இது? என்னை நாலு மணிக்குத்தான் இங்க போட்டாங்க. என் புள்ளைய மேல் மாடியில கண்ணாடிப் பொட்டியில வெச்சிருக்காங்க."

நைட்டியின் இடது பக்கம் நனைந்திருந்தது. துண்டால் மூடிக்கொண்டாள்.

"அஞ்சு மணிக்கு யாரோ ஒரு குழந்தைய என் பக்கத்துல போட்டுட்டுப் போனாங்க. தள்ள மனசு வரல, குடுத்துட்டேன். பாவம், என்னா பசி... உங்களுதாக்கா?"