சந்தனம் பூசிய பட்டைவாள்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றும் தடுமாற்றம்தான். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். இதை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை, நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

நோர்வூட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு தகரக் கொட்டில். கதவு, கட்டில், ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் அப்போது மரமானாலும் இரும்பானாலும் கைவாளால்தான் அறுப்பேன். இரண்டாயிரத்து இரண்டில் ஒருநாள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளி முழுவதற்கும் பெஞ்சு வேண்டும், இரும்புக் குழாயில் கால், மேலே பலகை.

"கைவாளால இவ்வளவும் ஏலுமோ?" என்று கேட்டார்.

நான் வழக்கம்போல் நிலத்தைப் பார்த்தேன். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்த என் மனைவி முந்திக்கொண்டாள். "மெசின் வாங்கப் போறோம்ங்க சார். ஆயுத பூசைக்கு வந்து பாருங்க."

அப்படி ஓர் எண்ணம் எங்களுக்கு இருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும்.

"அப்ப சரி. ஓடுறதைப் பாத்திட்டு வேலையைத் தாறன்" என்று சொல்லிப் போனார்.

மறுவாரம் ஹட்டனுக்குப் போனோம். கடையில் இரண்டு பட்டைவாள் மெசின்கள் இருந்தன. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ரிப்பன் மாதிரி, பல் வைத்த ஒரு பிளேடு. பச்சைப் பெயின்ட் அடித்த பெரியது என்னை அப்படியே மயக்கிவிட்டது. பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு நேரம் நிமிர்ந்து பார்த்ததில்லை. கேட்க வேண்டியதை மனைவியின் காதில் சொன்னேன். அவள் கடைக்கே கேட்கும்படி கேட்டாள்.

"இது இரும்பும் அறுக்குமாங்க?"

"அறுக்காதும்மா. ஒரே வேகம், மரத்துக்கு மட்டுந்தான். இரும்புல வச்சா பல்லு எரிஞ்சிரும். அந்தச் சின்னதுல பெல்ட்ட மாத்திப் போட்டா மெதுவா ஓடும், பிளேடையும் பொடிப்பல்லா மாத்திக்கிட்டா இரும்பு அறுக்கலாம்" என்றார் முதலாளி. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "மெசின் யாருக்கு, ஒங்களுக்கா அவருக்கா?"

"மெசின் அவருக்கு. பேச்சு எனக்கு" என்றாள்.

சின்னதையே வாங்கினோம். லொறியில் மெசினைக் கட்டிப்பிடித்தபடியே ஊர் வந்து சேர்ந்தேன்.

ஆயுத பூசையன்று கொட்டில் நிறைய ஆட்கள். தலைமை ஆசிரியர் வெள்ளைச் சட்டையில் முன்னால் நின்றார். மனைவி மெசினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கொஞ்சமாக இல்லை. மூடியைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டு சக்கரங்களின் ரப்பர் விளிம்பிலும் சுற்றிச் சுற்றிப் பூசினாள். அழகாகத்தான் இருந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று மூடியைச் சாத்தாமலே சுவிட்சைப் போட்டேன்.

'டமார்!' சக்கரத்தை விட்டுப் பிளேடு நழுவிவிட்டது. தலைமை ஆசிரியரின் சட்டையில் நெஞ்சிலிருந்து வயிறு வரை சந்தனம். பாய்ந்து சுவிட்சை அணைத்தேன்.

"கண்ணு பட்டிருச்சு! பூசணிக்கா ஒடைங்க!" என்று பக்கத்துக் கடைக்காரர் கத்தினார்.

பெஞ்சு வேலை கையை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் எப்படி வந்ததோ தெரியாது.

"கண்ணும் இல்ல, ஒன்னும் இல்ல! சந்தனம்! வழுக்குது!"

கூட்டம் முழுதும் என் பக்கம் திரும்பியது. "அடேங்கப்பா, வாய் இருக்கு!" என்றாள் என் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதற்குப்பின் கூச்சம் கிட்டவே வரவில்லை. பிளக்கைக் கழற்றினேன். துணியால் சக்கரத்தைத் துடைத்து, பிளேடைத் திரும்ப மாட்டிக்கொண்டே கூட்டத்துக்கு விளக்கினேன். பிளேடின் பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பிளேடைத் தொய்வில்லாமல் இறுக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பிளேடு நடுவில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மூடியைச் சாத்திய பிறகுதான் சுவிட்சு. இதையெல்லாம் நானா பேசினேன்!

முதலில் எலுமிச்சம்பழம் இரண்டானது. அடுத்து பலகை, வெண்ணெய் மாதிரி. பெல்ட்டையும் பிளேடையும் மாற்றினேன். குழாய்த் தகட்டின் தடிப்பில் எப்போதும் பிளேடின் மூன்று பல்லாவது படிய வேண்டும், தள்ளி அமுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே குழாயை வைத்தேன். அது மெதுவாக முனகியபடி அறுந்து டங்கென்று விழுந்தது. கைதட்டினார்கள்.

தலைமை ஆசிரியர் சட்டையைக் குனிந்து பார்த்தார். "மெசினுக்கு வைச்ச பொட்டு எனக்கும் விழுந்திட்டுது. இனி வேலையைத் தராமல் விட ஏலுமோ?"

அந்தப் பெஞ்சுகளில் இன்றும் பிள்ளைகள் உட்காருகிறார்கள். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் மனைவி மெசினின் வெளி மூடியில் ஒரேயொரு பொட்டு வைப்பாள். பிறகு மூடியைத் திறந்து சக்கரத்தைக் காட்டி, "இதுக்கு வேணாமாங்க?" என்பாள்.

"வேணாம்!" என்று பஸ் நிற்கும் இடம்வரை கேட்கக் கத்துவேன். அதற்காகத்தான் கேட்கிறாள். நேற்றும் கேட்டாள்.

நோர்வூட்,
2009, ஆயுத பூசைக்கு மறுநாள்.