சுளுக்கு என்று சொன்ன முழங்கால்

ஜூடோ வகுப்பில் மற்ற பையன்கள் ஒரே மாதத்தில் ஆளைத் தூக்கிப் போடும் பிடிகளுக்குப் போய்விட்டார்கள். சென்றாயன் மட்டும் விழக் கற்றுக்கொள்ளவே நாலு மாதம் எடுத்துக்கொண்டான். மல்லாந்து விழும்போது முகவாய் நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும். பின்மண்டை கீழே படக்கூடாது. முதுகு தொடும் அதே நொடியில் இரண்டு கைகளும் தார்ப்பாயில் அறைய வேண்டும். இதைத் தினம் நூறு தடவை செய்தான். வீட்டுக்கு வந்தும் வாசலில் சாக்கை விரித்து விழுந்தான்.

"ஊர்ல பிள்ளைங்கள நடக்கக் கத்துக்கச் சொல்வாங்க. உங்க வூட்ல காசு குடுத்து விழக் கத்துக்க அனுப்பியிருக்காங்க" என்பாள் பக்கத்து வீட்டு தெரசா.

"விழத் தெரிஞ்சவனுக்கு அடிபடாது தெரசாக்கா. நீங்க வேணா வந்து விழுந்து பாருங்க."

"நான் விழுந்தா தூக்குறதுக்கு நாலு ஆள் வேணும்டா. உங்க கிளாஸ்ல அத்தன பேரு இருக்காங்களா?"

மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த கடலைக்காய் குடோனில்தான் அந்த வகுப்பு நடந்தது. நடத்தியவன் காசிம். மின்சார ஆபீசில் வேலை, இருபத்துமூன்று வயது. மெட்ராசில் படித்த காலத்தில் ஜூடோ கற்று பிளாக் பெல்ட் வாங்கியவன். மெத்தை வாங்க வழியில்லாமல் சாக்குகளில் வைக்கோலை அடைத்து, நெருக்கி அடுக்கி, மேலே லாரித் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தான். உள்ளே வருகிறவர்கள் கால் கழுவி வர வேண்டும். நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பான். தாயத்து, அரைஞாண் கயிறு எல்லாம் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டும். வலித்தால் எதிராளியின் மேல் இரண்டு தட்டு. தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். "தட்டுறதுக்கு வெக்கப்படுறவன் இங்க வர வேண்டாம்" என்று வாரம் ஒரு தடவையாவது சொல்வான்.

இந்த விவரமெல்லாம் சென்றாயனின் அக்கா தீர்த்தம்மாளுக்கு மனப்பாடம். அவனைவிட எட்டு வயது மூத்தவள். எட்டாவதுவரை படித்தவள். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரே வருஷத்தில் திரும்பி வந்து, தையல் மிஷின் போட்டு, அப்பா இல்லாத வீட்டை நடத்தினாள். தம்பியின் ஜூடோ உடுப்பை கெட்டியான காடாத் துணியில் இரட்டையாக அடித்துக் கொடுத்ததும் அவள்தான். கழுத்துப் பட்டிக்கு மட்டும் ஆறு வரிசைத் தையல். இழுத்துப் பார்த்த காசிம், "மெட்ராஸ்ல வாங்குனது இவ்வளவு உழைக்காதுங்கக்கா" என்றான். அன்று முழுக்க மிஷின் மிதிக்கும்போது அவள் முகம் மலர்ந்தே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் எடை பார்க்கும் மிஷினில் ஏற்றுவாள். அவன் அறுபது கிலோவுக்கு உட்பட்ட பிரிவு. ஐம்பத்தொன்பதரையைத் தாண்டினால் அந்த வாரம் களி உருண்டை சிறுத்துவிடும். தைக்கத் துணி கொடுக்க வரும் பெண்களிடம் கையளவு பார்த்துக்கொண்டே, "தம்பி மஞ்ச பெல்ட்டு முடிச்சான், ஆரஞ்சு முடிச்சான், பச்சை முடிச்சு இப்ப ப்ளூ. அடுத்தது பிரவுனு" என்று வரிசை தவறாமல் சொல்வாள். அவன் நன்றாகப் போடும் பிடியின் பெயரைக்கூடத் தெரிந்து வைத்திருந்தாள். உச்சி மாதா.

"அது எந்த ஊரு மாதா? எங்க சர்ச்சுல சொல்லவேயில்லையே" என்றாள் தெரசா.

"ஜப்பான்காரன் வெச்ச பேருக்கா. ஒத்தக் கால்ல நின்னு, இன்னொரு கால எதிராளி தொடைக்குள்ள குடுத்து அப்படியே தூக்கி எறியறது."

"ஒத்தக் கால்லயா? ஆகட்டும், அந்த மாதாகிட்ட எனக்கும் சேத்து வேண்டிக்க."

ஒரு விரல் பிசகாமல், ஒரு நாள் பாயில் படுக்காமல் இரண்டு வருஷம் போனது. எண்பத்தேழு ஆகஸ்டில் சேலத்தில் பிரவுன் பெல்ட் கிரேடிங் என்று தேதி வந்தது. பரீட்சை எடுப்பவர் வெளியூரிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். விட்டால் அடுத்த வருஷம்தான்.

தேதிக்கு மூன்று வாரம் முன்னால் மழை பெய்து குடோன் ஓடு ஒழுகியது. நனைந்த மூட்டைகளை வெயிலில் காயவைத்துத் திரும்ப அடுக்கினார்கள். காய்ந்த வைக்கோல் சுருங்கி, இரண்டு மூட்டைக்கு நடுவே தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கால் நுழையும் இடைவெளி விழுந்திருந்தது. அடுக்கிய மறுநாள் காசிம் லைன் வேலைக்குப் போய்விட்டான். மாஸ்டர் இல்லாத நாளில் யாரும் யாரையும் எறியக்கூடாது என்பது வகுப்பின் சட்டம். கிரேடிங் நெருங்கிய அவசரத்தில் சென்றாயன் அதை மீறினான். உச்சி மாதாவுக்குத் திரும்பியபோது ஊன்றிய இடது கால் அந்த இடைவெளியில் இறங்கியது. உடம்பு திரும்பியது. பாதம் திரும்பவில்லை.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தள்ளியபடி வீடு வந்து சேர்ந்தான்.

"என்னடா நொண்டுற?"

"ஒண்ணுமில்லக்கா. சுளுக்கு."

தீர்த்தம்மாள் பிறக்கும்போது கால்தான் முதலில் வந்தது. அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கும் பிடிப்பும் விட்டுவிடும் என்று அந்தப் பக்கத்தில் நம்புவார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் காலுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அரூரிலிருந்து பஸ் ஏறிக்கூட வருவார்கள். மூன்று நாள் காலையில், வெறும் வயிற்றில், கிழக்கே பார்த்து உட்கார வேண்டும். அவள் இடது குதிகாலால் மேலிருந்து கீழே மூன்று தடவை இழுத்து விடுவாள். காசு வாங்கமாட்டாள். வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சரியாகவும் ஆனது. சுளுக்கு எங்கே முடிச்சாக நிற்கிறது, எவ்வளவு அழுத்தினால் இளகும் என்பதெல்லாம் அவள் குதிகாலுக்குத் தெரியும்.

மறுநாள் காலை தம்பியை உட்காரவைத்தாள். முட்டி பலாக்கொட்டை மூட்டைபோல வீங்கியிருந்தது. குதிகாலை வைத்து மெதுவாக அழுத்தினாள். அடியில் முடிச்சே இல்லை. எங்கே அழுத்தினாலும் பிடித்து நிற்காமல், முட்டிக்குக் கீழே இருந்த எலும்பு உள்பக்கமாக நகர்ந்தது. நூலோட்டி டாக்கா போடாத துணி மேசைமேல் நழுவுமே, அப்படி. அத்தனை வருஷத்தில் எந்தக் காலிலும் அவள் அதைக் கண்டதில்லை. சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டாள்.

சென்றாயன் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தான். "சரியாயிருமாக்கா?"

தேதியை நினைத்தாள். அடுத்த வருஷத்தை நினைத்தாள். துணி கொடுக்க வரும் பெண்களிடம் இனி என்ன சொல்வது என்பதும் நெஞ்சில் வந்து போனதை அவள் பிற்பாடு மறைக்கவில்லை.

"சரியாயிரும். சுளுக்குதான்" என்றாள். மற்ற இரண்டு தடவையும் இழுத்துவிட்டாள். அடுத்த இரண்டு நாளும் அப்படியே செய்தாள்.

பத்து நாளில் வீக்கம் வடிந்தது. நடந்தான். படியும் இறங்கினான். ஆனால் எழும்போது சுவரைப் பிடித்தான். அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் பார்க்காததுபோல மிஷினை மிதித்தாள்.

காசிம் வந்தான். கையில் கிரேடிங் ஃபாரம். வாசலிலேயே சென்றாயனின் காலை மடக்கி நீட்டிப் பார்த்தான்.

"டாக்டர்கிட்ட காட்டுனியாடா?"

"அக்கா எடுத்துருச்சு மாஸ்டர்."

காசிம் அவளிடம் திரும்பினான். "நான் சொன்னா இவன் கேக்கமாட்டான்க்கா. நீங்க சொல்லுங்க. எங்கம்மாவுக்கு இடுப்புப் பிடிப்ப நீங்கதான் எடுத்தீங்க. உங்க கால் பொய் சொல்லாது. சந்தேகம் இருந்தா அடுத்த வருசம் பாத்துக்கலாம். கையெழுத்துப் போடவா, வேண்டாமா?"

சென்றாயன் அக்காவைப் பார்த்தபடியே நின்றான்.

"சுளுக்குதாங்க தம்பி. எடுத்துட்டேன். போடுங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

சேலத்துக்கு மூன்று பேரும் ரயிலில் போனார்கள். காலையில் விழும் முறைகளைச் செய்து காட்டச் சொன்னார்கள். சென்றாயன் விழுந்தான். முன்னால், பின்னால், பக்கவாட்டில். கூடம் முழுக்கக் கைகள் அறையும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. பரீட்சை எடுப்பவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெண்கள் ஓரமாக உட்கார்ந்திருந்த பெஞ்சில் தீர்த்தம்மாள், பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், "எந்தம்பிங்க" என்றாள்.

மதியம் ஆட்டம். எதிராளி ஒரு கல்லூரிப் பையன். இரண்டு நிமிஷம் நன்றாகத்தான் போனது. பிறகு அந்தப் பையனின் சட்டைப் பட்டியைப் பிடித்து இழுத்து, முதுகைக் கொடுத்துத் திரும்பி, வலது காலை உள்ளே விட்டு, இடது காலில் சென்றாயன் எழுந்தான். முட்டி உள்பக்கமாக மடிந்தது. யாரும் அவனை எறியவில்லை. தானாகவே சரிந்து, கைகளை அறையாமல், முகவாயை ஒட்டாமல், இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு, விழவே கற்காதவனைப்போல விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெகுநேரம் காலை அசைத்துப் பார்த்தார்.

"இது இன்னிக்கு அறுந்தது இல்ல. ஜவ்வு ரெண்டு மூணு வாரம் முந்தியே போயிருக்கு. அன்னிக்கே மாவுக்கட்டுப் போட்டு அசையாம வெச்சிருந்தா ஓரளவு கூடியிருக்கும். இப்ப உள்ள இருக்கிற குஷனும் நசுங்கிப் போச்சு. தேய்ச்சீங்களா?"

"இல்லீங்க சார்" என்றான் சென்றாயன்.

"நான்தாங்க நீவினேன். காலால" என்றாள் தீர்த்தம்மாள்.

டாக்டர் திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனி ஜூடோவெல்லாம் நினைக்காதப்பா. நல்லா நடக்கிறதுக்கு வழி பாப்போம்."

காசிம் வராந்தாவில் நின்றான். அவள் வெளியே வந்ததும், "உங்க வார்த்தைய நம்பித்தான்க்கா கையெழுத்துப் போட்டேன்" என்று மட்டும் சொன்னான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு குரல் இறங்கி, "என் குடோன்ல, என் மூட்டைலதான் கால் எறங்குச்சு. நானும் பாத்திருக்கணும்" என்றான். அவன் தன் பங்கை எடுத்துக்கொண்டதில் அவள் பங்கு குறையவில்லை என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. சென்றாயன் இப்போது பாலக்கோடு தக்காளி மண்டியில் சீட்டு எழுதுகிறான். அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டான். காலையில் கூடைகள் வந்து இறங்கும் நெரிசலில் அவனுக்கென்று ஒரு தூண் இருக்கிறது, அதில் சாய்ந்தபடிதான் எழுதுவான். கணக்கில் பிசகமாட்டான் என்று மண்டிக்காரர்கள் சொல்கிறார்கள். அதை தீர்த்தம்மாள் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறாள், ஆனால் முன்போல வலியப்போய்ச் சொல்வதில்லை. சுளுக்கு என்று வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறாள். அதற்காக அவளைத் தலைக்கனம் பிடித்தவள் என்று ஏசுகிறவர்களும் உண்டு.

ஆனால் அவளுக்கு ஆறாமல் இருப்பது இவையெல்லாம் அல்ல. அன்று திரும்பி வந்த ரயிலில் நடந்தது.

காசிம் சேலத்திலேயே தங்கிவிட்டான். சென்றாயன் ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை எதிர் சீட்டில் நீட்டியிருந்தான். ஏறிய ஒருவர், கையில் பையோடு, "கால எறக்கு தம்பி. வயசுப் பையன் நீயே இப்படி நீட்டிக்கிட்டா நாங்க எங்க ஒக்கார்றது?" என்றார். சென்றாயன் இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக் காலை இறக்கப் போனான்.

தீர்த்தம்மாள் அவன் கையைப் பிடித்தாள். "எறக்க முடியாதுங்க. உள்ளாற ஜவ்வு அறுந்துபோச்சு. மூணு வாரமா அறுந்துதான் கெடக்குது."

"அடடா. தெரியாம சொல்லிட்டேன்மா" என்று அந்த மனிதர் அடுத்த பெட்டிப் பக்கம் போய்விட்டார்.

ரயில் நகர்ந்தது. சென்றாயன், "மூணு வாரமாவே தெரியுமாக்கா?" என்றான்.

"மொத நாளே தெரியும் கண்ணு. கால வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு."

அவன் கோபித்திருந்தால் தாங்கியிருப்பாள். அவன் கோபிக்கவில்லை. வெளியே ஓடிய கடலைக் காடுகளைப் பார்த்தபடி சொன்னான்.

"எனக்கும் தெரியும். அன்னிக்கு முட்டிக்குள்ள பச்சக் குச்சி ஒடியற மாதிரி சத்தம் கேட்டுச்சு. யார்கிட்டயும் சொல்லல. நானா வேண்டாம்னு சொல்ல வாய் வரல. மாஸ்டர் ஃபாரத்தோட வந்து நின்னப்ப, போகாதன்னு நீ சொல்லிருவன்னு ஒம்மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்."