தம்பிக்கு ஆகாத ஊர்

என் தம்பி ஓசூரில் பிறந்தவன். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து பிழைக்க வந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துக்கொண்ட ஊர், அங்கேயே பிறந்த அவனுக்கு மட்டும் ஆகாமல் போனது.

அப்பா தொழிற்பேட்டையில் ஒரு பவுண்டரியில் இருந்தார். இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றும் வேலை. வீட்டுக்கு வரும்போது சட்டையிலும் புருவத்திலும் காதுமடலிலும் கருந்தூசி அப்பியிருக்கும். அப்படியே வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார். நாங்கள் குடியிருந்தது தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிய ஒரு லைன் வீடு. மேலே சிமெண்ட் ஷீட். பின்சுவரில் ஓதம் ஏறி, பூஞ்சை கருப்பாகப் படர்ந்திருக்கும். அந்தச் சுவரோரம்தான் தம்பிக்குத் தூளி கட்டினார்கள். கொக்கி அங்கேதான் இருந்தது. அம்மா மரத்தூள் அடுப்பில் சமைப்பாள், பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்திக் கொசுவத்தி ஏற்றுவாள். அந்த லைனில் எல்லா வீடும் அப்படித்தான். அதனால் அதில் குறை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

தம்பிக்குத் தவழுவதற்கு முன்பே இழுப்பு வந்துவிட்டது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போலக் கேட்கும். லைனில் இருந்த பெண்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வாழைப்பழம் என்றார்கள், தலைக்கு ஊற்றியது என்றார்கள், முற்றத்தில் மேயும் கோழி என்றார்கள். அம்மா ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தாள். பழம் போயிற்று, தலைக்குளியல் போயிற்று. கோழிக்காரியோடு சண்டை போட்டு, கோழிகள் எங்கள் பக்கமே வராமல் செய்தாள். இழுப்பு மட்டும் அசையவில்லை.

நடை பழகிய பின் வந்த மழைக்காலத்தில் மிகவும் மோசமாகி, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டான். அப்போது பெரியம்மா வந்து அவனைத் தன்னோடு ஊருக்குக் கூட்டிப்போனாள். அம்மாவின் அக்கா, அவளுக்குக் குழந்தை இல்லை. அம்மாவும் கூடப் போய்க் கொஞ்ச நாள் இருந்தாள். இங்கே அப்பாவுக்கு ஷிப்ட், எனக்குப் பள்ளிக்கூடம், சோறாக்க ஆளில்லை. அவனை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். உடம்பு தேறியதும் கூட்டி வந்துவிடலாம் என்றுதான் பேச்சு.

ஊரில் அவனுக்கு ஒன்றுமே வரவில்லை. எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தவர் வீட்டுப் போனுக்குப் பெரியம்மா கூப்பிட்டுச் சொல்வாள்: "ஆட்டுக்குட்டியோட பெரளுதான், புழுக்கைக்குள்ளதான் கெடக்கான். ஒரு தும்மல் இல்ல தாயி!" ஒரு கோழியைக்கூட அண்டவிடாத அம்மா, போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்தபோது, இனி ஓசூரில் எங்களோடேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்த மே மாதம் முழுக்க எங்கள் வீடு திருவிழாவுக்குத் தயாராவது போல இருந்தது. அம்மா பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுவரைத் தேய்த்தாள். அப்பா அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார். மரத்தூள் அடுப்புக்குப் பதில் கேஸ் வந்தது. கொசுவத்தி நிறுத்தப்பட்டு வலை வந்தது. அப்பா கம்பெனியிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வரத் தொடங்கினார். அவர் மேல் சோப்பு வாசனை வருவது எனக்கு வேற்று ஆள் வந்தது போல இருந்தது.

தம்பி பெரியம்மாவோடு வந்து இறங்கினான். கன்னமும் காலும் தேறி, கரிசல் பேச்சு பேசினான். முதல் சில நாட்கள் எதுவும் வரவில்லை. அம்மா அவனுக்கு யூனிபார்ம் தைத்து, பெருமாள் படத்தின் முன் மடித்து வைத்தாள். அப்பா சாப்பிடும்போது சிரித்துப் பேசினார்.

ஜூன் பிறந்ததும் சாரல் பிடித்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் வியர்த்தது. வெள்ளைக்கு அடியிலிருந்து பழைய கருப்பு மெல்ல மேலே வந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, யூனிபார்ம் போட்டு, பவுடர் பூசி, பொட்டு வைத்து வாசலில் நிறுத்தியபோது தம்பி இருமினான். ஷூ மாட்டுவதற்குள் இழுப்பு வந்துவிட்டது. விலா எலும்புக்கிடையில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. "அம்மா, அம்மா" என்று கையை நீட்டினான். பக்கத்தில் இருந்தது அம்மாதான். அவன் கை அவளைத் தாண்டி, கதவோரம் நின்ற பெரியம்மாவிடம் போனது. அம்மா எழுந்து வழி விட்டாள்.

யூனிபார்மோடுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். மூச்சு அடங்கியதும் டாக்டரம்மா எல்லாவற்றையும் விசாரித்தார்.

"பொறந்ததிலிருந்தே ஈரச் சுவரு, அடுப்புப் புகை, கம்பெனித் தூசி. பிஞ்சுல இதையெல்லாம் இழுத்தா மூச்சுக்குழல் லேசுல மறக்காதும்மா. பூஞ்சைக்கு மேல சுண்ணாம்பு அடிச்சா போயிடுமா? வீட்ட மாத்துங்க. இல்ல, கொழந்தை நல்லா இருக்கற எடத்துலயே விடுங்க."

இழுப்பு வந்தால் வாயில் அடிக்கும் மருந்துப் பம்ப்பை எப்படி அடிப்பது என்று அவர் பெரியம்மாவுக்குத்தான் காட்டிக் கொடுத்தார். பிள்ளையை மடியில் வைத்திருந்தவள் அவள்தான்.

அப்பா அக்கம்பக்கமெல்லாம் வீடு தேடினார். எங்களுக்கு எட்டியவை எல்லாமே தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில்தான் இருந்தன, எல்லாவற்றிலும் அதே ஷீட், அதே ஓதம். கடைசியில் ஒரு நாள் தட்டின் முன் உட்கார்ந்து, "வேலைய விட்டுட்டு ஊருக்கே போயிருவமா?" என்றார்.

"போயி?" என்றாள் அம்மா.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஊரில் எங்களுக்கு நிலமில்லை. இருந்தவர்களுக்கு மழையில்லை.

தம்பி அதற்கப்புறம் எங்களோடு வாழ வரவேயில்லை. விசேஷங்களுக்கு விருந்தாளி போல வந்து, இருமல் தொடங்கும் முன் திரும்பிவிடுவான். இன்று அவன் வளர்ந்து அந்த ஊரிலேயே வேலையில் இருக்கிறான். பெரியம்மாவை அம்மா என்பான். எங்கள் அம்மாவை, பிரியமாகத்தான், "ஓசூர் அம்மா" என்பான்.

அந்த ஜூன் மாதத்தில் அவனை அனுப்பிவைத்த காலை நன்றாக நினைவிருக்கிறது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் ஜன்னலோரம், பெரியம்மா மடியில் உட்கார்ந்திருந்தான். பஸ் நகர்ந்ததும் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினான். எனக்குக் கோபமாக வந்தது.

"அழக்கூட இல்ல பாரும்மா."

"அழுதா இழுக்கும்டி. அழாமப் போறான்ல, அது போதும்" என்றாள் அம்மா. பஸ் திரும்பி மறைந்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதும் என்று அவளே சொன்னதால், அவள் நிம்மதியாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்டாண்டுக்கு வெளியே ஐஸ் வண்டி நின்றது. ஐஸ் வேண்டும் என்று கேட்டேன். வாங்கிக் கொடுத்தாள், நான் அதைத் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.