ஏழு வயதில் நான் கொடுத்த வாக்குமூலம்

வாக்குமூலத்தில் விட்டுப்போனதைச் சேர்க்க ஒரு விண்ணப்பம் உண்டு. அரைத் தாள், ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. உத்தியோகத்தில் இருந்தபோது எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கே அது தேவைப்பட்டபோது எனக்கு வயது ஏழு. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்திருந்த அப்பா வாயைத் திறக்கவில்லை.

அப்பா பாகூர் மேரியில் குமாஸ்தா. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கொம்மூன் என்னும் ஊராட்சியின் அலுவலகத்தை அப்படித்தான் சொல்வார்கள். நான் பிரெஞ்சுப் பள்ளியில் ஒரு வருஷம் முடித்திருந்தேன். ஏரி மதகைக் காவல் காத்தவரின் மகள் எனக்கு ஒரு வயது இளையவள், பள்ளிக்கூடம் போகாதவள். ஒரு நண்டு பிடித்த கதையைக்கூட, யார் என்ன சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று ஒன்றும் விடாமல் சொல்வாள். தமிழில் நானும் அவளுக்குச் சளைத்தவனில்லை. பிரெஞ்சில் என் கையிருப்பு ஒரே ஒரு பாடப்புத்தகம்: பூனை, ரொட்டி, கதவு, குடை. அதில் ஒரு மனிதர் வருவார், கதவைத் திறப்பார், போவார். எதற்காக என்று அந்தப் புத்தகத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பியது. உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கவேண்டிய இடத்தில், பயிர் வைத்திருந்த மிராசுதாரின் நெல் மூழ்கியது. நானும் அவளும் கரையில் அல்லி பறித்துக்கொண்டிருந்தபோது மிராசுதாரின் கணக்குப்பிள்ளை குடையோடு வந்தார்.

"மதகத் தொறடா."

"மேரி உத்தரவு இல்லாம எப்டிங்க?" என்றார் காவல்காரர்.

"ஐயா சொல்லிட்டாரு, அப்புறம் இன்னாடா உத்தரவு? தொறக்கலன்னா நாளைக்கு இந்த வூட்ல நீ இருக்க மாட்ட."

திறந்தார். கீழ்வயல்களில் புதிதாக நட்ட நாற்று முழுவதும் தண்ணீரில் போயிற்று.

விசாரணைக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு துரை வந்தார். பேச்சை மொழிபெயர்க்கும் துபாசிக்குக் காய்ச்சல். தமிழில் சொல்பவர்கள் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிரெஞ்சில் சொன்னால் அப்போதே எழுதிக்கொள்வார்கள். அவசரப்பட்டவர் துரை இல்லை, காவல்காரர்தான்.

"துபாசி பாதிய முழுங்கிடுவாருங்க. தம்பி கூடவே இருந்து பாத்துச்சு. தொர பாஷையிலயே சொல்லட்டும்."

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. என் பையன் பிரெஞ்சு பேசுகிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர் அவர்.

என்னை ஒரு நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்தார்கள். கால் தரையில் எட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள்; உள்ளே துரை, அப்பா, நான். மனிதர் வருகிறார், என்றேன். திறக்கிறார். தண்ணீர் போகிறது. துரை எழுதினார். வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டார். இன்னொரு மனிதர் இருக்கிறார், என்றேன். அவர் என்ன செய்தார்? கணக்குப்பிள்ளை, உள்வாய், உத்தரவு, மிரட்டல் எதற்கும் என்னிடம் சொல் இல்லை. இருந்த சொல்லை எடுத்தேன். அவரிடம் குடை இருக்கிறது.

துரை சிரித்தார். குடையை எழுதிக்கொள்ளவில்லை.

"அவருதான் தொறக்கச் சொன்னாரு!" என்று தமிழில் கத்தினேன்.

"பிரெஞ்சுல சொல்லு," என்றார் அப்பா.

துரை அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். சத்தியம் செய்யாதவர் மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. அப்பா விதியை மீறாதவர். நாங்கள் மிராசுதார் வீட்டில் வாடகையில்லாமல் குடியிருந்தோம் என்பது வேறு விஷயம்.

கடைசியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பள்ளியில் பழகியபடி, பெயருக்குக் கீழே ஒரு சுழி சுழித்தேன். அதை மட்டும் துரை பாராட்டினார்.

வெளியே வந்ததும் காவல்காரர் என் தலையைத் தடவினார். "எல்லாத்தையும் சொல்லிட்டியாப்பா?" நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

துபாசி மறுவாரம் வந்தார். காவல்காரர் சொன்னதற்குச் சாட்சி இல்லை என்றார்கள். பார்த்த சாட்சி ஒன்று கையெழுத்தோடு இருக்கிறதே, குழந்தையை வேறு எதற்கு விசாரிப்பது என்று அவளை விட்டுவிட்டார்கள். உத்தரவில்லாமல் திறந்தார், பார்த்த சாட்சி உண்டு என்று அவள் அப்பாவுக்குக் காவல் வேலை போயிற்று. வேலையோடு மதகடி வீடும் போயிற்று.

சட்டி பானை ஏற்றிய வண்டி எங்கள் தெரு வழியாகத்தான் போனது. அவள் இறங்கி வந்து என் எதிரில் நின்று, அன்று நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அல்லி, குடை, கணக்குப்பிள்ளை சொன்னது, அவள் அப்பா கெஞ்சியது. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"நீயும் பாத்தல்ல?"

உள்ளே அப்பா இருமினார்.

"பாத்தேன்," என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"தொரகிட்ட ஏன்டா சொல்லல?"

அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

இன்று அந்தப் பகலை நினைத்தால் எனக்குத் தெரிவது துரை எழுதியது மட்டும்தான். மனிதர் வருகிறார், திறக்கிறார், தண்ணீர் போகிறது. கணக்குப்பிள்ளை பேசியது என் ஞாபகமில்லை. மேலே எழுதியிருப்பது அவள் தெருவில் நின்று சொன்னது.